எந்த கிரைண்டர்?

கம்ப்யூட்டரில் வட்டம் போடுவது எப்படி என்று நான் முதன்முதலில் எழுதியது பரீட்சைத் தாளில், நீல மைப் பேனாவால். 'சர்க்கிள் என்று தட்டி என்டரை அழுத்தவும். மையப்புள்ளியைக் கொடுத்து என்டரை அழுத்தவும். ஆரத்தைக் கொடுத்து என்டரை அழுத்தவும்.' ஒவ்வொரு என்டருக்கும் மதிப்பெண் உண்டு. அந்தத் தாளில் வகுப்பிலேயே அதிக மதிப்பெண் எனக்குத்தான். அதுவரைக்கும் நான் என்டர் பட்டனைத் தொட்டதே இல்லை.

இதைச் சொன்னால் இப்போதைய பிள்ளைகள் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. இத்தனை வருஷம் கழித்தும் வயிறு எரிகிறது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கோவைக்கு வெளியே சோளக்காட்டை வாங்கிப் போட்டுக் கட்டிய கல்லூரி எங்களுடையது. நான் படித்தது மெக்கானிக்கல். பெண்கள் மெக்கானிக்கல் எடுத்தால் ஊரே ஒரு மாதிரி பார்க்கும் காலம். சூலூரில் எங்கள் வீதியில், "உங்க புள்ளை லாரிக்கு அடியில படுத்து ரிப்பேரு பார்க்கப் போகுதாக்கும்" என்று அம்மாவைக் கேட்டவர்கள் உண்டு. அம்மா அதற்கெல்லாம் பதில் சொல்ல மாட்டாள். சாயந்திரம் பஸ் இறங்கி வந்தால், "இன்னைக்கு என்ன சொல்லிக் குடுத்தாங்க?" என்று மட்டும் கேட்பாள்.

கல்லூரியின் விளம்பரப் புத்தகத்தில் முதல் படமே கம்ப்யூட்டர் ஆய்வகம்தான். வரிசையாகத் திரைகள், ஏசி, தரையில் கம்பளம். படத்தைப் பார்த்துத்தான் அப்பா பணம் கட்டினார். உள்ளே போனபிறகுதான் தெரிந்தது, அந்த அறை பெரும்பாலும் பூட்டியே இருக்கும் என்று. திறந்தால் செருப்பை வெளியே கழற்ற வேண்டும். ஒவ்வொரு திரைக்கும் பூப்போட்ட துணியில் உறை தைத்து மாட்டியிருந்தார்கள். செருப்போடு வந்தால் வைரஸ் வந்துவிடும் என்று ஆய்வகப் பொறுப்பாளர் மெய்யாகவே நம்பினார். ஆயுத பூஜைக்கு ஒவ்வொரு திரையிலும் சந்தனம் குங்குமம் வைத்தார். துடைத்தால் கண்ணாடி கெட்டுவிடுமோ என்று யாரும் துடைக்கவில்லை. பொங்கல் வரைக்கும் நாங்கள் பார்த்த எந்த வரைபடத்திலும் நடுவில் ஒரு சிவப்புப் பொட்டு இருந்தது.

பார்த்தோம் என்றுதான் சொல்ல முடியும். ஒரு திரைக்கு முன்னால் ஒருவன் உட்காருவான். அவனைச் சுற்றி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நாலைந்து பேர். அவர்களுக்குப் பின்னால், சுவர் ஓரமாக, பெண்கள். உட்காருகிறவன் ஏற்கெனவே காந்திபுரத்தில் ஏதாவது சென்டருக்குப் போய்க் கற்றுக்கொண்டவனாக இருப்பான். தெரிந்தவன் உட்கார்ந்தால் நேரம் மிச்சம், தெரியாதவர்கள் பார்த்துக் கற்றுக்கொள்ளட்டும் என்பது பொறுப்பாளரின் சட்டம். தெரிந்தவனுக்கு மேலும் மேலும் தெரிந்தது. கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று அவன் செய்ததையெல்லாம் நோட்டில் எழுதும் வேலை எங்களுக்கு வந்தது. நானும் முதல் வருஷம் முழுக்க ரொம்ப அழகாக எழுதினேன்.

கடைசி வருஷம் ப்ராஜெக்ட். தொழிற்சாலைகளுக்கு உபயோகப்படுகிற பொருளைத்தான் வடிவமைக்க வேண்டும் என்று துறையில் சுற்றறிக்கை விட்டார்கள். எனக்கு அதைப் படித்ததும் சந்தோஷமாக இருந்தது. தொழிற்சாலைக்கா இந்த ஊரில் பஞ்சம்? பஸ் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினால் ஏதாவது ஒரு லேத் ஓடும் சத்தம் கேட்கும்.

அப்பாவுக்குத் தெரிந்த ஒருவர் கோவையின் கணபதிப் பகுதியில் கிரைண்டர் பட்டறை வைத்திருந்தார். வீட்டில் தெலுங்கு பேசுகிற குடும்பம். அவருடைய அப்பா காலம் வரை விவசாயம், இவர் காலத்தில் பட்டறை. போய்க் கேட்டபோது நேராக விஷயத்துக்கு வந்தார். அவர் போடும் சாய்க்கிற மாடல் கிரைண்டர்களைப் பற்றிக் கடைக்காரர்கள் புகார் மேல் புகார் சொல்கிறார்களாம். மாவு அரைத்தபின் டிரம்மைச் சாய்க்க லாக்கை எடுத்தால், மொத்தக் கனமும் தடாலென்று ஒரு பக்கம் விழுகிறது. கை நசுங்குகிறது. நிமிர்த்த ஆள் தேவைப்படுகிறது. அதற்கு ஒரு வழி கண்டுபிடித்துக் கொடுத்தால் அச்சு செய்து வார்த்துப் பார்க்கத் தயார் என்றார். இன்னொன்றும் சொன்னார். மலேசியாவிலிருந்து ஆர்டர் பேசுகிறவர்கள் கம்ப்யூட்டரில் போட்ட வரைபடம் கேட்கிறார்கள். அடுத்த வருஷம் மாடியில் ஒரு டிசைன் ரூம் போடப்போகிறார். அதில் உட்கார ஒரு ஆள் வேண்டும்.

அந்த ஆள் நானாக இருக்க வேண்டும் என்று அந்த நிமிஷமே முடிவு செய்துவிட்டேன். எங்களுக்கு முன்னால் மெக்கானிக்கல் படித்துமுடித்த இரண்டு அக்காக்களில் ஒருவர் பாலிடெக்னிக்கில் பாடம் நடத்தினார், இன்னொருவருக்குக் கல்யாணமாகிவிட்டது. எந்தப் பெண்ணும் ஒரு தொழிற்சாலையில் பொருளை வரைகிற நாற்காலியில் உட்கார்ந்து நான் பார்க்கவில்லை. எனக்கு அந்த நாற்காலி வேண்டும். வேறெதுவும் வேண்டாம்.

நானும் என் தோழி ஒருத்தியும் சேர்ந்து தலைப்பை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தோம்: 'டிசைன் ஆஃப் எ டில்டிங் கிரைண்டர்'. துறைத்தலைவர் பார்த்தார், பிரமாதம் என்றார், கையெழுத்துப் போட்டார். வாரத்தில் இரண்டு மாலை கம்ப்யூட்டரும் ஒதுக்கினார். மெக்கானிக்கல் புத்தகத்தில் கிரைண்டர் என்றால் இரும்பைத் தேய்க்கிற, உளியைச் சாணை பிடிக்கிற இயந்திரம். அவர் நினைத்தது அதை. இந்த ஊரில் பிறந்து வளர்ந்த எங்களுக்கு கிரைண்டர் என்றால் ஒன்றுதான். இன்னொன்று இருப்பதே அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை.

நான் வேலையை வீதியிலிருந்து ஆரம்பித்தேன். வீடு வீடாகப் போய் மாவு அள்ளும்போது கூடவே நின்று பார்த்தேன். ஒரு அத்தை லாக்கை எடுக்கும்போது முழங்காலால் முட்டுக்கொடுக்கிறார். இன்னொருவர் சாய்ப்பதே இல்லை. குனிந்து கரண்டியால் சுரண்டி எடுக்கிறார், இடுப்பு போகிறது. அம்மாவின் இடது கட்டைவிரல் நகம் எப்போதும் கறுத்திருக்கும். அது கிரைண்டர் செய்த வேலை என்று அதுவரை எனக்குத் தெரியாது, நான் கேட்டதும் இல்லை. டிரம், கல், மாவு எல்லாம் சேர்ந்த கனம் எங்கே நிற்கிறதோ அதற்குப் பக்கத்தில் டிரம் சாய்கிற கீலைக் கொண்டுபோனால் போதும், ஒரு கையால் சாய்க்கலாம், விட்டால் விட்ட இடத்தில் நிற்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். கணக்கு பெரிய கணக்கில்லை. அந்தக் கணக்குக்கு வர யாராவது மாவு அள்ளுகிறவளின் பக்கத்தில் நின்றிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஒதுக்கிய மாலைகளில் முதல் இரண்டு தடவை ஏசி ஓடவில்லை என்று அறையைத் திறக்கவில்லை. மூன்றாவது தடவைக்கு முன்னால் முதல் மதிப்பீடு வந்துவிட்டது.

துறைத்தலைவரும் இன்னும் இரண்டு ஆசிரியர்களும் உட்கார்ந்திருந்தார்கள். நான் எழுந்து, "உளுந்தை ஊறவெச்சு அரைச்சதுக்கப்புறம்" என்று ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"எந்த கிரைண்டர்?"

"மாவாட்டற கிரைண்டருங்க சார்."

அறை முழுக்கச் சிரிப்பு. பசங்கள் சிரித்தது பரவாயில்லை. ஆசிரியர்கள் சிரித்தார்கள். துறைத்தலைவர் மட்டும் சிரிக்கவில்லை, தன்னை ஏமாற்றிவிட்டேன் என்பதுபோலப் பார்த்தார். சமையல்கட்டுச் சாமானை எடுத்துக்கொண்டு என்ஜினியரிங் ப்ராஜெக்ட் என்று வந்து நிற்கிறாயே, இதற்கு ஹோம் சயன்ஸ் சேர்ந்திருக்கலாமே என்றார். வீதியில் கேட்டு எழுதியதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இதெல்லாம் மகளிர் பத்திரிகைக்கு அனுப்பு என்று தள்ளினார். இந்த ஊரில் எத்தனை பட்டறை, எத்தனை ஃபவுண்டரி, எத்தனை மோட்டார் கம்பெனி இந்தச் சமையல்கட்டுச் சாமானை நம்பி நடக்கிறது என்று கேட்க வாய் வரை வந்தது. அவர் வீட்டில் இட்லி மாவு வானத்திலிருந்தா விழுகிறது என்றும் கேட்க வந்தது. கேட்கவில்லை. செய்முறை மதிப்பெண் அவர் கையில்.

கம்ப்யூட்டர் மாலைகள் ரத்து. அவை உருப்படியான ப்ராஜெக்டுக்குப் போயின. உருப்படியானது எது என்றால், கியர் பாக்ஸ். போன வருஷம் ஒரு குழு செய்த அதே கியர் பாக்ஸ், அதே ஃபிளாப்பி. பல்லின் எண்ணிக்கையை மட்டும் மாற்றினார்கள். எந்தத் தொழிற்சாலை அதைக் கேட்டது என்று யாரும் கேட்கவில்லை. எங்களையும் அதில் சேர்ந்துகொள்ளச் சொன்னார். என் தோழி சேர்ந்தாள். அவள் வீட்டுச் சூழ்நிலை அப்படி, அவளை நான் குறை சொல்ல மாட்டேன். நான் மாட்டேன் என்றேன். சரி, கம்ப்யூட்டர் இல்லாமல் கையால் வரைந்துகொள், பாஸ் போடுகிறேன், அதற்குமேல் எதிர்பார்க்காதே என்றார்.

கையால் வரைந்தேன். பட்டறையில் ஒரு மூலையில் மேஜை போட்டுக் கொடுத்தார் முதலாளி. ட்யூப்லைட் வெளிச்சத்தில், கிரைண்டர் கல் கொத்துகிற தூசி காகிதத்தில் படிய, பெரிய ஷீட்டுகளில் வரைந்தேன். தப்பானால் பிளேடால் சுரண்டுவேன். அதே கோட்டைக் கம்ப்யூட்டரில் அழிக்க எந்த வார்த்தையைத் தட்ட வேண்டும் என்பது எனக்கு மனப்பாடம். சுரண்டும்போதெல்லாம் அந்த வார்த்தை ஞாபகம் வரும், கோபமும் வரும். பூப்போட்ட உறைக்குள் அந்தத் திரைகள் குளுகுளுவென்று தூங்கிக்கொண்டிருக்கும்.

அச்சு செய்து வார்த்தார்கள். முதல் சாம்பிள் ஓடியது. அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். அவள் லாக்கை எடுத்துவிட்டுப் பழக்கதோஷத்தில் முழங்காலைக் கொண்டுபோனாள். டிரம் விழவில்லை. ஒரு கையால் சாய்த்தாள், நிறுத்தினாள், நிமிர்த்தினாள். மறுபடியும் சாய்த்தாள். முதலாளியிடம், "இது எப்பங்க கடைக்கு வரும்?" என்று கேட்டாள்.

இதோடு முடிந்திருந்தால் எனக்கு இவ்வளவு ஆத்திரம் இருக்காது.

கல்லூரியில் புதிதாக மேற்படிப்பு ஆரம்பிக்க அனுமதி கேட்டிருந்தார்கள். அதற்காக ஆய்வுக்குழு ஒன்று வருவதாக இருந்தது. மாணவர்கள் கம்ப்யூட்டரில் வடிவமைத்து, உள்ளூர்த் தொழிற்சாலையில் தயாரான பொருள் ஏதாவது காட்ட வேண்டுமாம். துறை முழுக்கத் தேடிப் பார்த்தார்கள். கியர் பாக்ஸ் ஃபிளாப்பியில்தான் இருந்தது. கையால் தொடுகிற மாதிரி இருந்தது என் கிரைண்டர் ஒன்றுதான்.

துறைத்தலைவர் கூப்பிட்டு அனுப்பினார். நாற்காலி காட்டி உட்காரச் சொன்னார். அதற்குமுன் அவர் அறையில் நான் உட்கார்ந்ததில்லை. வெரி இன்னோவேட்டிவ் என்றார். என் ஷீட்டுகளை வாங்கி, கியர் பாக்ஸ் குழுவில் கீபோர்டு தட்டுகிற பையனிடம் கொடுத்து எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றச் சொல்லிவிட்டார். நான் ஏற்றுகிறேன் என்று கேட்டதற்கு நேரமில்லை என்றார். பிறகு இதைச் சொன்னார்.

"அன்னைக்குக் கம்ப்யூட்டர் பக்கம் பசங்க பார்த்துக்குவாங்க. நீ மாவரைச்சுக் காட்டு. பட்டுப்புடவை கட்டிட்டு வா, லேடீஸ் பண்ணினா பார்க்க நல்லா இருக்கும்."

நான் எழுந்து வந்துவிட்டேன். பஸ்ஸில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். வருத்தத்தில் இல்லை. ஒருத்தரை ஓங்கி அறைய முடியாதபோது வருகிற அழுகை அது.

ஆனாலும் போனேன். சுடிதாரில்தான் போனேன். என் வரைபடம் திரையில் எப்படி இருக்கிறது என்று பார்க்காமல் இருக்க முடியவில்லை. ஆய்வகத்தின் ஒரு பக்கம், கம்பளத்தின் மேல் பிளாஸ்டிக் விரித்து, கிரைண்டரை வைத்திருந்தார்கள். பட்டறை முதலாளி வெள்ளைவேட்டியில் சுவர் ஓரம் நின்றிருந்தார். உளுந்து ஊறிக்கொண்டிருந்தது. குழு உள்ளே வந்தது. அவர்களும் செருப்பைக் கழற்றியிருந்தார்கள். துறைத்தலைவர் ஆங்கிலத்தில் அடித்து விளாசினார். தொழில் துறையின் தேவை, கம்ப்யூட்டர் வழிக் கல்வி, இரண்டுக்கும் பாலம். பையன் திரையைத் திருப்பிக் காட்டினான்.

பார்த்த உடனே எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கோடுகள் ரொம்பச் சுத்தம். ஆனால் ஷீட்டைப் பார்த்துப் போடும்போது சாய்க்கிற பகுதி மட்டும் இடம் வலம் மாறிவிட்டது. கீலும் கைப்பிடியும் மோட்டார் இருக்கும் பக்கம் போயிருந்தன. அந்தப் படத்தில் உள்ளபடி செய்து டிரம்மைச் சாய்த்தால் மாவு முழுக்க மோட்டார் மேல் கொட்டும். பையன் பார்த்தான், பொறுப்பாளர் பார்த்தார், துறைத்தலைவர் ஒரு வாரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவர் கண்ணிலும் படவில்லை. வீட்டில் இவர்கள் ஒருநாளாவது ஒரு கரண்டி மாவு அள்ளியிருந்தால் பட்டிருக்கும்.

உளுந்துப் பாத்திரத்தைக் கீழே வைத்தேன். கையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு திரைக்கு முன்னால் போனேன். "தம்பி, கொஞ்சம் எந்திரிங்க" என்றேன். அவன் என் வகுப்புதான். ஏன் தம்பி என்று கூப்பிட்டேனோ தெரியாது. எழுந்துவிட்டான்.

'மிர்ரர்' என்று தட்டினேன். ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடித்தான் தட்டினேன். என்டர். கீலையும் கைப்பிடியையும் தேர்ந்தெடுத்தேன். என்டர். டிரம்மின் நடுக்கோட்டில் இரண்டு புள்ளிகள். பழைய உருவத்தை அழிக்கவா என்று கேட்டது. எதுவும் சொல்லாமல் என்டர் தட்டினால் வேண்டாம் என்று எடுத்துக்கொண்டு இரண்டையும் வைத்துக்கொள்ளும்; அழிக்க ஒய் தட்ட வேண்டும். பரீட்சையில் அதற்குத் தனி மதிப்பெண். ஒய் தட்டினேன். கீல் தன்னுடைய இடத்துக்கு வந்தது.

குழுவின் தலைவர் பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தார். என்ன மாற்றினாய் என்று கேட்டார். சொன்னேன். இந்த ஆய்வகத்தில் வாரம் எத்தனை மணி நேரம் பயிற்சி செய்கிறாய் என்று கேட்டார். துறைத்தலைவர் என்னைப் பார்த்தார். என்ன சொல்ல வேண்டும் என்று அவர் முகத்திலேயே எழுதியிருந்தது. என் இறுதி மதிப்பெண் இன்னும் பல்கலைக்கழகத்துக்குப் போய்ச்சேரவில்லை என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

"பயிற்சி இல்லீங்க சார். இதை நான் இன்னைக்குத்தான் தொடறேன். எங்களுக்கு எழுதத்தான் சொல்லிக் குடுத்தாங்க."

போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். போனால் போகட்டும், உண்மை இந்த அறையில் ஒருதடவையாவது சத்தமாகச் சொல்லப்பட்டதே என்றும் நினைத்தேன். நடந்தது என்ன தெரியுமா? குழுத் தலைவர் துறைத்தலைவரின் தோளில் தட்டிக் கொடுத்தார். தொடாமலேயே ஒரு மாணவி இவ்வளவு செய்கிறாள் என்றால் உங்கள் தியரி வகுப்பு எவ்வளவு தரமாக இருக்க வேண்டும் என்றார். துறைத்தலைவர் அடக்கமாகச் சிரித்தார். மேற்படிப்புக்கு அனுமதி கிடைத்தது. எனக்கு, அவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றி, பாஸ் மட்டும் போட்டார்.

அன்றைக்கு மதியம் குழு சாப்பிடப் போனது. கிரைண்டரை டெம்போவில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நான் ஆய்வக வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டு நின்றேன். முதலாளி என்னிடம் வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"ஏனுங்க அம்மணி, கம்ப்யூட்டர்ல அத்தனை சுத்தமா போட்டாரே அந்தத் தம்பி, எந்த ஊருங்க அவரு? மாடி ரூமுக்கு அவரைக் கேக்கலாம்னு பார்க்கறேன்."

கெட்ட மனுஷர் இல்லை அவர். எனக்கு மேஜை போட்டுக் கொடுத்தவர், என் கணக்கை நம்பி இரும்பை உருக்கி வார்த்தவர். அவருக்கும் கூட, வரைந்தது ஒரு பெண், கம்ப்யூட்டரில் உட்காருவது ஒரு பையன் என்பது சூரியன் கிழக்கே உதிக்கிற மாதிரி இருந்தது. காலையிலிருந்து அடக்கிவைத்த கோபம் மொத்தமும் அவர்மேல் திரும்பியது.

"அந்தத் தம்பி உங்க மாவை மோட்டார் மேல ஊத்தினவருங்க. திருத்தினது யாருன்னு நீங்களும் பக்கத்துல நின்னு பார்த்தீங்க. அந்த ரூமுக்கு நான் வாரனுங்க. பரிச்சை முடிஞ்ச மறுநாளே வாரனுங்க."

அவர் டெம்போவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வீட்டில் விடுவார்களா, ராத்திரியாகுமே, மாடியில் தனியாக எப்படி என்று ஒவ்வொன்றாக அவர் வாயில் வந்து நின்றது தெரிந்தது. நான் நகரவில்லை, அவருக்கு வழியும் விடவில்லை. டிரைவர் இரண்டு தடவை ஹாரன் அடித்தான்.

"சரிங்க, வாங்க," என்றார் கடைசியில். "ஆனா அம்மணி, அந்தக் கம்ப்யூட்டரைத் தொடறதுக்கு முன்னால ஏதாச்சும் கோர்ஸு முடிச்சிருக்கோணுமா?"

"வேண்டாமுங்க," என்றேன். "பூட்டாம வெச்சிருந்தாப் போதும்."